அடுத்த எபிசோட் எப்போ சார்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு அண்ணன் என்னைப் பிடித்தபோது, "எதைப் பத்திண்ணே எழுதறது?" என்று கேட்டேன். "உனக்கு எதுல கோபம் வருதோ அதை எழுதுடா" என்றார். வரதட்சணை, லஞ்சம், வேலையில்லாத் திண்டாட்டம் மூன்றையும் மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் இருந்த என் கோபம் ஒன்றே ஒன்றுதான். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அடுத்த எபிசோட் விரைவில்" என்று சொல்லிவிட்டுப் போன வீடியோ கேம்காரர்கள் மேல் உள்ள கோபம்!

சிரிக்காதீர்கள். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் சிவில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2022-ல். திருப்பூரில் வேலை பார்க்கும் மாமா மகன், எனக்கு மச்சான் முறை, புதுசு வாங்கியதும் பழசைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினான். படிப்புக்குத்தான் அனுப்பினான். ஆனால் உள்ளே கேம்களும் இருந்தன. "கவுண்டர்-ஸ்டிரைக் இருக்கு, ஆடு. ஆனா அதோட தாய் கேமையும் ஒரு தடவை ஆடிப் பாரு மாப்ளே" என்றான். நம் அண்ணன்மார்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினார்களே, அந்தக் கவுண்டர்-ஸ்டிரைக், ஹாஃப்-லைஃப் என்ற கேமின் மேல் 1999-ல் ரசிகர்கள் கட்டிய மாடி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஹாஃப்-லைஃப் முதல் பாகம் 1998-ல் வந்தது. செய்தது அமெரிக்காவில் வால்வ் என்ற கம்பெனி. இரண்டாம் பாகத்துக்கு 6 வருடம் பிடித்து 2004 நவம்பரில் வந்தது. பூமியை வேற்றுலகத்தார் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்த்து நிற்கும் ஹீரோ கார்டன் ஃப்ரீமேன் ஒரு விஞ்ஞானி, பெரிய படிப்பு படித்தவர். ஆனால் அவர் கையில் என்ன தெரியுமா? கடப்பாரை! பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "படிச்சவன் கையிலயும் அதானா?" என்று சிரித்து, அம்மாவை வேறு கூப்பிட்டுக் காட்டினார்.

ஒரு கேமுக்கு 6 வருடம் என்றால் ரசிகன் தாங்குவானா? கம்பெனிக்கும் அது தெரிந்தது. அதனால் ஒரு யோசனை செய்தார்கள். பெரிய கேமாகச் செய்யாமல் தொடர்கதை மாதிரி சின்னச் சின்ன எபிசோடாகத் தருவது, மொத்தம் 3 எபிசோட். முதலாவது 2006 ஜூனில் வந்தது. இரண்டாவது 2007 அக்டோபரில். மூன்றாவது 2007 கிறிஸ்துமஸ் வாக்கில் என்பது முதலில் சொன்ன கணக்கு. எபிசோட் 3 என்ற பெயரில் எதுவும் வரவே இல்லை. சீக்கிரம் தருவதற்காகத்தானே எபிசோட் என்றீர்கள்? 6 வருடம் அதிகம் என்று தானே இந்த வழிக்கு வந்தீர்கள்?

நின்ற இடமாவது நல்ல இடமா? அதுவும் இல்லை. எபிசோட் 2-ன் கடைசிக் காட்சியில், கூடவே வரும் பெண் அலிக்ஸின் அப்பாவை அவள் கண் முன்னாலேயே வேற்றுலகப் பிராணி கொன்றுவிடுகிறது. நம்மால் அசையக்கூட முடியாது. அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். திரை இருட்டாகிறது. அவ்வளவுதான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அது வந்தே 18 வருடத்துக்கு மேல் ஆகிறது.)

ராத்திரி ஒரு மணிக்கு மச்சானுக்குப் போன் போட்டேன். "மூணாவது எபிசோட் எங்க மச்சான் இருக்கு? எந்த ஃபோல்டர்ல?" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிய குழந்தையே எழுந்துவிட்டது. "நானும் அதுக்குத்தாண்டா காத்துக்கிட்டு இருக்கேன். எனக்குக் கல்யாணமாகி புள்ளையே பொறந்துடுச்சு" என்றான். நான் பிறந்தது 2007. அந்தப் பெண் அழ ஆரம்பித்ததும் நான் அழ ஆரம்பித்ததும் ஒரே வருடம்.

2020-ல் வால்வ் கம்பெனி 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' என்று ஒன்று தந்தது உண்மைதான். இரண்டாம் பாகத்துக்கு முன்னால் நடக்கும் கதை அது. அதன் கடைசியில் அந்த அப்பா சாகும் காட்சியையே மாற்றிவிட்டார்களாம். தலையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டால்தான் ஆட முடியும். அந்தப் பெட்டியின் விலைக்கு மச்சான் கொடுத்த மாதிரி நாலு கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆகவே அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

என் பெஞ்ச் நண்பன் ஒருவன் கேட்கிறான்: "நீ காசு கொடுத்தது ரெண்டாவது எபிசோடுக்கு. ரெண்டாவது எபிசோட் கிடைச்சுது. மூணாவதைக் கேட்க உனக்கு என்னடா உரிமை?" (நான் அதற்கும் காசு கொடுக்கவில்லை, கொடுத்தது மச்சான். அது வேறு விஷயம்.) சட்டப்படி பார்த்தால் நண்பன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் என் பதில் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாடிக்காக விட்ட கம்பி. அந்தக் கம்பி ஒரு வாக்கு. அப்பா சொல்வார்: "கம்பியை விட்டா சீக்கிரம் கட்டணும். கட்ட முடியலையா, சிமெண்ட் பாலாவது அடிச்சு வைக்கணும். சும்மா மழையில விட்டா துரு உள்ள இறங்கி, கீழ இருக்கிற தூணையும் கெடுத்துரும்டா." இதையே இந்த வருடம் வகுப்பில் இங்கிலீஷில் படித்தேன். அப்பா சொன்னபோதே புரிந்திருந்தது.

கதைக்கும் அப்படித்தான். கடைசிக் காட்சியில் நீட்டிய கம்பியை நம்பித்தான் ரசிகன் அதுவரை ஆடியதை மனதில் வைத்திருக்கிறான். கட்டவும் இல்லை, கட்ட மாட்டோம் என்று சொல்லவும் இல்லை என்றால், முன்னால் ஆடியதும் சேர்ந்து கசக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாஃப்-லைஃப் ரசிகர்கள் கேட்டது கேமைக்கூட இல்லை. 2012 பிப்ரவரியில் ஒரு நாள் குறித்து, உலகத்தின் பல மூலையிலிருந்தும் ரசிகர்கள் ஒரே நேரத்தில் ஹாஃப்-லைஃப் 2-ஐத் திறந்து ஆடினார்கள். அந்த நேரத்தில் 10 ஆயிரம் பேருக்கு மேல் அந்தப் பழைய கேமுக்குள் இருந்தார்கள். கோஷம் இல்லை, கல்லெறி இல்லை. அவர்கள் கேட்டது, "என்ன நிலைமை என்று எங்களோடு பேசுங்கள்" என்பது மட்டும்தான். ஸ்டிரைக் என்றாலே பஸ் கண்ணாடி என்று நினைக்கும் நம் ஆட்கள் சிலர் இதைக் கொஞ்சம் படிக்கலாம். ஆனால் கம்பெனி பேசவில்லை.

கடைசியில் சிமெண்ட் பால் அடித்தவர் கதை எழுதிய மார்க் லெய்ட்லா. அவர் 2016-ல் கம்பெனியை விட்டு விலகினார். 2017 ஆகஸ்டில், பெயர்களையெல்லாம் மாற்றி, ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் ஆக்கி, ஒரு கடிதம் மாதிரி கதையை வெளியிட்டார். படித்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது, மூன்றாவது எபிசோடில் அவர் மனதில் இருந்த கதை அதுதான் என்று. நான் அகராதியை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் படித்தேன். கேம் மாதிரி இல்லைதான். ஆனாலும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

அதற்கு ரசிகர்கள் செய்த பதில் மரியாதை என்ன? அதே கம்பெனியின் டோட்டா 2 என்ற வேறொரு கேமுக்குப் போய், மோசம், மோசம் என்று மதிப்புரை எழுதிக் குவித்தார்கள். டோட்டா 2 என்ன பாவம் செய்தது? எதிர்வீட்டுக்காரன் மேல் கோபம், பக்கத்து வீட்டு நாயை அடித்த கதை.

கம்பெனி விரிவாக வாய் திறந்தது 2024 நவம்பரில், ஹாஃப்-லைஃப் 2-க்கு 20 வயது ஆனபோது வெளியிட்ட ஆவணப்படத்தில். எபிசோட் 3 வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பனியைப் பீய்ச்சும் துப்பாக்கி வரை செய்து பார்த்திருந்தார்கள். நடுவில் லெஃப்ட் 4 டெட் என்ற கேமை முடிக்க ஆட்கள் போனார்கள், திரும்பி வந்தபோது காலம் கடந்துவிட்டதாக நினைத்தார்கள். கதையை முடிப்பதற்காக மட்டும் ஒரு கேம் செய்வது ரசிகர்களுக்குச் செய்யும் கடமையிலிருந்து நழுவுவது என்பது முதலாளி கேப் நியூவெலின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அது ஒரு காரணம். அதை 2009-ல் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லாமல் இருந்த வருடங்கள்தான் குற்றம்.

இதுவரை படித்தவர்கள், "சரி, கம்பெனிக்காரன் கெட்டவன், ரசிகன் நல்லவன்" என்று நான் முடிக்கப் போவதாக நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், டெல்டேல் கம்பெனியின் கதை தெரியும்வரை.

டெல்டேல் 2004-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. எபிசோட் கேமுக்குப் பெயர் வாங்கியதே இவர்கள்தான். 2012-ல் 'தி வாக்கிங் டெட்' என்று 5 எபிசோட் தந்தார்கள். பிணங்கள் எழுந்து நடக்கும் ஊரில் லீ என்ற மனிதர் கிளெமென்டைன் என்ற சின்னப் பெண்ணைக் காப்பாற்றுகிறார். நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். ஏப்ரலில் ஆரம்பித்து நவம்பரில் முடித்துக் கொடுத்தார்கள். நான் ஐந்தாவது எபிசோடில் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அடுத்து 'தி உல்ஃப் அமங் அஸ்'. முதல் எபிசோட் 2013 அக்டோபரில், இரண்டாவது 2014 பிப்ரவரியில். நாலு மாதம்! ஐந்து எபிசோடுக்கும் முதலிலேயே பணம் கட்டியவர்கள் கொதித்துப்போனார்கள். நியாயமான கொதிப்புதான். ஆனால் மாதம் ஒன்று, மாதம் ஒன்று என்ற அந்த அவசரத்தில் உள்ளே வேலை செய்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. ஒரு எபிசோட் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது தலையில் விழும். ராத்திரி பகல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

2018 செப்டம்பர் 21. வாக்கிங் டெட் கடைசி சீசனில் 4 எபிசோட், அதில் ஒன்றுதான் வெளிவந்திருந்தது. அன்றைக்கு டெல்டேல் சுமார் 250 பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டது. போனவர்களுக்கு ஈட்டுத்தொகை ஒரு காசு கிடையாது. அடுத்த வாரம் இரண்டாவது எபிசோட் வந்தது, அதைச் செய்தவர்கள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும்போது. அந்த நேரத்திலும் ரசிகர்கள் பலருடைய முதல் கேள்வி என்ன தெரியுமா? "மூணாவதும் நாலாவதும் எப்போ வரும்?"

இதைப் படித்தபோது எனக்கு 2023-ல் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா ஓர் அடுக்குமாடி வேலையில் இருந்தார். காண்டிராக்டர் நாலு வாரக் கூலியை நிறுத்திவிட்டு போனை அணைத்துவிட்டார். அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும், இன்று வருவார் நாளை வருவார் என்று வேலையை விடாமல் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சாப்பாடு கொண்டுபோன அன்றைக்கு, வீட்டுக்கு முன்பணம் கட்டிய ஒருவர் வந்தார். பாவம், பேங்க்கில் கடன் வாங்கியவர். யாரைக் கேட்பது என்று தெரியாமல் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "பணத்தை வாங்கிட்டு ஏமாத்துறீங்களா? எப்பய்யா முடிப்பீங்க?" அப்பா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். "எங்களுக்கே கூலி வரலை சார்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லலை என்று வரும் வழியில் கேட்டேன். "அந்தாளு நெலமையும் நம்ம நெலமைதானடா" என்றார். அந்த மனிதர் கேட்டதும் நியாயம், அப்பா நின்றதும் நியாயம். பணத்தை வாங்கியவர் மட்டும் அந்த இடத்தில் இல்லை.

டெல்டேல் கதை அதைவிடக் கொஞ்சம் நல்லவிதமாக முடிந்தது. ஸ்கைபவுண்ட் என்ற கம்பெனி கேமை எடுத்துக்கொண்டு, பழைய ஆட்களில் சிலரையே வேலைக்கு வைத்து, 2019 ஜனவரியில் மூன்றாவதையும் மார்ச்சில் நாலாவதையும் தந்தது.

இனி என் குற்றம். டெல்டாரூன் என்ற கேமை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். டோபி ஃபாக்ஸ் செய்வது. முதல் அத்தியாயம் 2018-லும் இரண்டாவது 2021-லும் வந்தன, இரண்டும் இலவசம். எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் 2022-ல் ஆடி முடித்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தேன். ஆறு மாதம் போச்சு, ஒரு வருடம் போச்சு. ஒரு நாள் கோபத்தில் அந்த மனிதருக்கே கண்டபடி திட்டி ஒரு செய்தி அனுப்பினேன். இங்கிலீஷில் திட்டுவதற்கு வார்த்தை போதாமல் பாதியைத் தமிழில் எழுதினேன். அவர் படித்திருக்க மாட்டார். ஆனால் நான் அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் ரசிகர்களுக்கு எழுதிய பழைய கடிதங்களைத் தேடிப் படித்தேன். 2020-லேயே எழுதியிருக்கிறார், கையும் மணிக்கட்டும் வலியில் ஒத்துழைக்கவில்லை என்று. கொத்து வேலை செய்கிறவர் வீட்டில் பிறந்தவனுக்கு மணிக்கட்டு வலி என்றால் என்ன என்று தெரியாதா? அவர் என்னை ஏமாற்றவும் இல்லை. 3, 4, 5 மூன்றையும் சேர்த்துத் தருகிறேன் என்றார், பிறகு முடியாது, 3, 4 மட்டும் என்றார். மாற்றியதையும் சொல்லிவிட்டுத்தான் மாற்றினார். 2025 ஜூனில் இரண்டும் வந்தன, இந்தத் தடவை விலைக்கு. லீவில் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போய் அந்தப் பணத்தைச் சேர்த்தேன். இனி வரும் அத்தியாயங்களும் அந்த விலைக்குள் அடக்கம் என்கிறார்கள். அப்படியானால் அதுவும் ஒரு வகையில் முன்பணம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், என் வாதத்தில் அது ஒரு ஓட்டை. ஆனால் 4 அத்தியாயத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பதற்கும், ஒன்றைக் காட்டிவிட்டு ஐந்துக்கும் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மொத்தம் 7 அத்தியாயம் என்று திட்டம். "முடிஞ்சுதாடா?" என்று அப்பா கேட்டார். "இன்னும் மூணு இருக்குப்பா" என்றேன். "உன் படிப்பும் அப்படித்தான் சொல்றே" என்றார்.

காத்திருக்க வைப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கென்டக்கி ரூட் ஜீரோ என்று ஒரு கேம். மூன்று பேர் சேர்ந்து செய்தது. முதல் அங்கம் 2013-ல், ஐந்தாவது அங்கம் 2020-ல். நடுவில் சின்னச் சின்னத் துண்டுகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நேரமானாலும் முடித்தார்கள். அவர்களை யார் திட்ட முடியும்?

என் கட்சி இதுதான். செய்து முடிக்காத எபிசோடுக்கு மொத்தமாகப் பணம் வாங்காதே. வாங்கினால், நின்றுபோனால் திருப்பிக் கொடு. தாமதமானால் வாயைத் திறந்து சொல். முடியவே முடியாது என்றால் லெய்ட்லா மாதிரி மிச்சக் கதையையாவது சொல்லிவிடு, ரசிகன் நாலு நாள் அழுதுவிட்டு அவன் வேலையைப் பார்ப்பான். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்க வேண்டியது பணம் வாங்கியவனை. இதைப் படிக்கும் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களே, நாளைக்கு உங்களில் ஒருவர் இந்த மாதிரிக் கம்பெனியில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது வெளியிலிருந்து என்னை மாதிரி ஒருவன் பாதித் தமிழில் திட்டுவான். அவனை மன்னித்துவிடுங்கள், ஆனால் உங்கள் மேனேஜரிடம் அவன் கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள்.

வாக்கிங் டெட் கடைசி சீசனை ஹாஸ்டல் நண்பனின் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது எபிசோட் முடிந்து, அவர்கள் நின்ற இடத்திலேயே நானும் நிற்கிறேன். மூன்றாவது அங்கேயே இருக்கிறது, ஒரு கிளிக் போதும். ஆனால் சர்வேயிங் ரெக்கார்டு நோட் இன்னும் பாதி பாக்கி. போர்டு எக்ஸாம் முடியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நண்பன் அதற்குள் லேப்டாப்பை விற்காமல் இருக்க வேண்டும்.